நாலு ஸ்க்ரூ

அத்தியாயம் 19

போன வாரம் அக்காவைக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் அதே வெள்ளை எழுத்து, அதே வாக்கியம்.

'துவங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை. சரியான டிஸ்க்கைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்.'

ஏதாவது ஒரு கீ என்ன, கீ போர்டில் இருக்கிற அத்தனை கீயையும் அழுத்திப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்த வாக்கியம் இன்னொரு தடவை கீழே வந்து நின்றதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அக்காவின் பிழைப்பு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. கீழ்த்தளத்தில் தையற்கூடம். ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். மாடியில் இந்தச் சின்ன அறை. இங்கேதான் காலர், கை, முன்பக்கம், முதுகு என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் அவள் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்த பேட்டர்ன்கள் இருக்கின்றன. குண்டாக இருப்பவர்களுக்கு ஒன்று, கூன் விழுந்த முதுகுக்கு ஒன்று, ஒரு தோள் இறங்கியவர்களுக்கு ஒன்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்த சொத்து என்றால் அவளுக்கு இதுதான்.

அந்தச் சொத்தைத்தான் ஒரு பெரிய கம்பெனி கேட்கிறது. கூடத்தையும் பேட்டர்னையும் சேர்த்து எழுதிக் கொடு, நீயும் எங்களிடமே வேலைக்கு வந்துவிடு என்கிறது. அவள் புருஷன் கொடுத்துவிடலாம் என்கிறார். அவள் மாட்டேன் என்கிறாள். கம்பெனி முதலாளி இன்று சாயங்காலம் பேப்பரோடு வீட்டுக்கே வருகிறார்.

இந்த நாளாகப் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

படியேறி வந்தவன் அவளுடைய தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அரைகுறை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மாட்டிய ஃபேன் சுற்றும், கூடவே முனகும். அவன் சரி செய்த குழாயில் தண்ணீர் வரும், மூடினாலும் வரும். போன வாரம் இந்தக் கம்ப்யூட்டரில் புது டிஸ்க் பொருத்திப் புது ஓ.எஸ். போட்டவனும் இவன்தான்.

"போன்ல சொன்னியே, அப்படியே இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு. என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஒரு வாரமா ஓடிச்சு இல்ல? நான் பண்ணது தப்புன்னா அன்னைக்கே நின்னுருக்கணும்."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல," என்றாள் அம்மா. அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்தே நிற்கிறாள். "ஒரு வேலைய உருப்படியா முடிச்சிருக்கானா இவன்? அவளுக்கு வாயில வயித்துல அடிச்சிக்கற மாதிரி ஆயிருச்சு பாரு."

"அம்மா, நீ கொஞ்சம் கீழ போயேன்."

"நான் ஏன் போகணும்? என் பொண்ணு வயிறெரிஞ்சு உட்கார்ந்திருக்கா."

அக்கா யாரையும் கவனிக்கவில்லை. "பேட்டர்னெல்லாம் பழைய டிஸ்க்லதானே இருக்கு? நீ புதுசுக்கு காப்பி எடுத்து வைக்கறேன்னு சொன்னியே. எடுத்தியா?"

தம்பி பையிலிருந்து பென்டிரைவைத் தேடி எடுப்பதில் மும்முரமானான்.

"எடுத்தியாடா?"

"ஞாயித்துக்கிழமை வந்து எடுக்கலாம்னு இருந்தேன்."

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

கீழேயிருந்து கட்டிங் மாஸ்டரின் குரல் வந்தது. நர்ஸ் சீருடைக்குத் துணி விரித்தாயிற்று, பேட்டர்ன் எப்போது பிரிண்ட் ஆகி வரும் என்று கேட்டார். "வரும் மாஸ்டர், டீ குடிச்சிட்டு வாங்க," என்று குரல் கொடுத்தாள் அக்கா. அவர் குடிக்கப் போகும் மூன்றாவது டீ அது.

"காலைல உன் அத்தானுக்கும் போன் பண்ணேன்," என்றாள். "ஆன் ஆகல, வாங்கன்னேன். அவரே ஆடிப் போயிட்டாரு."

"அத்தான் என்ன சொன்னாரு?"

"'ஆன் ஆகலையா? ஆன் ஆகணுமே!'ன்னாரு. நானும் அதத்தானே கேக்கறேன்னேன்."

தம்பி தலையாட்டினான். அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெட்டியை ஆன் செய்து, திரை வருவதற்குள் ஒரு கீயைத் தட்டிக்கொண்டே இருந்தான். நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. எந்த டிஸ்க்கிலிருந்து துவங்க வேண்டும் என்று வரிசை போட்டுச் சொல்லும் பக்கம் அது. இரண்டு டிஸ்க்கின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றின் பேர்தான் இருந்தது. புது டிஸ்க்.

"பழசு தெரியல."

"தெரியலன்னா?"

"அப்படி ஒன்னு இருக்கறதே இதுக்குத் தெரியல. கேபிள் லூசா இருக்கும். இரு."

"செத்துப் போச்சா?"

"இருன்னு சொல்றேன்ல."

ஒயரைப் பிடுங்கி, பெட்டியைச் சாய்த்துப் பக்கத் தகட்டைக் கழற்றினான். அக்கா எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பழைய டிஸ்க் அதன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கேபிளும் சரியாக இருந்தது. பிடுங்கி மறுபடி சொருகினான். ஒயரை மாட்டி ஆன் செய்து, உள்ளங்கையை டிஸ்க் மேல் வைத்துப் பார்த்தான். ஓடுகிற டிஸ்க் கையில் லேசாக அதிரும். இது செங்கல் மாதிரி கிடந்தது.

"சுத்தல," என்றான். குரல் இறங்கிவிட்டது.

அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்ப அவ்வளவுதானா?"

"வெளிய எடுத்து வேற பெட்டியில மாட்டிப் பாக்கறேன். அவசரப்படாத."

"இன்னைக்குத்தான் போகணுமா இது? சாயங்காலம் அந்த ஆள் வந்து நிப்பான். பேட்டர்ன் இல்லாம நான் எந்த மூஞ்சிய வெச்சிட்டு மாட்டேன்னு சொல்லுவேன்? கூடத்த எத வெச்சு ஓட்டுவேன்? கையெழுத்துப் போட்டுட்டு அவன்கிட்டயே சம்பளத்துக்குப் போய் நிக்க வேண்டியதுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ பாத்திருக்கியாடா அந்த முதலாளிய? எப்படிப்பட்ட ஆளு?"

"ம்ஹூம்," என்றான் தம்பி, பெட்டிக்குள் தலையை விட்டபடி.

அந்த 'ம்ஹூம்' கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. வாசகர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிஸ்க்கின் இந்தப் பக்கத்து இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினான். டிஸ்க்கைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தான். அசையவே இல்லை.

"என்னடா?"

"மாட்டிக்கிச்சு."

விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு பெட்டியைத் திருப்பி அடுத்த பக்கத் தகட்டையும் கழற்றினான். அந்தப் பக்கமும் இரண்டு ஸ்க்ரூ இருந்தது. பளபளவென்று புதுசாக, தலை கொஞ்சம்கூடத் தேயாமல், அழுத்தமாக முறுக்கப்பட்டிருந்தது.

தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா. இத நான் மாட்டல."

"எத?"

"இந்த ரெண்டு ஸ்க்ரூவ. நான் என்னைக்காவது நாலு ஸ்க்ரூ போட்டுப் பாத்திருக்கியா? இந்தப் பக்கம் போடணும்னா இந்தத் தகட்டையும் கழட்டணும். யாருக்கு அவ்வளவு பொறுமை? போன வாரம் புதுசுக்கு இடம் விட பழச கீழ்த் தட்டுல இறக்கினப்ப, அந்தப் பக்கம் ரெண்டு மட்டும் போட்டு மூடிட்டேன்."

இதைச் சொல்வதில் அவனுக்கு வெட்கமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுடைய சோம்பேறித்தனம் அவனுக்குச் சாட்சி சொல்ல வந்திருந்தது.

"நல்லா யோசிச்சுப் பாரு," என்றாள் அக்கா. "நீயே போட்டுட்டு மறந்திருப்ப."

"மிச்சம் ரெண்டு ஸ்க்ரூ இருந்திச்சே, நீகூடத் திட்டினியே. 'எதுக்குடா மிச்சம் வெக்கற, கம்ப்யூட்டர் செஞ்சவன் என்ன பைத்தியக்காரனா நாலு ஓட்டை போட'ன்னு."

அக்காவுக்கு ஞாபகம் வந்தது. திட்டியது மட்டுமல்ல, அந்த இரண்டையும் மேஜையிலிருந்து பொறுக்கிப் பட்டன் டப்பாவில் போட்டதும் ஞாபகம் வந்தது. சட்டென்று எழுந்து அலமாரியைத் திறந்தாள். டப்பாவை அப்படியே மேஜை மேல் கவிழ்த்தாள். வெள்ளை, நீலம், பழுப்பு என்று பட்டன்கள் உருண்டோடின. ஒன்று அம்மாவின் கால் வரைக்கும் போய் நின்றது.

பட்டன்களுக்கு நடுவே கறுப்பாக இரண்டு ஸ்க்ரூ கிடந்தன.

அவற்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றையும் பெட்டிக்குள் இருக்கும் பளபளப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இது நம்ம டிஸ்க்கே இல்ல," என்றாள் மெதுவாக.

"இல்ல. அதே கலர், அதே சைஸ். எந்தப் பழைய இரும்புக் கடையிலயோ எடுத்த செத்த டிஸ்க். நம்மளத எடுத்துட்டு இத வெச்சிருக்காங்க."

"யாரு?"

பேர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சட்டையை நிற வரிசைப்படி மாட்டி வைக்கிற மனுஷன், செருப்பு கோணலாகக் கிடந்தால் குனிந்து நேராக்கிவிட்டு உள்ளே வருகிற மனுஷன், நாலு ஓட்டை இருந்தால் நாலு ஸ்க்ரூ போடாமல் தூங்க முடியாத மனுஷன் அந்த வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார். திருட்டையும் திருத்தமாகச் செய்திருக்கிறார்.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை ஏற்றுக்கொள்ள மனசு இடம் கொடுக்கவில்லை. "மொதல்ல இத ஆன் பண்ணு," என்றாள். "இந்த ஒரு தடவையாவது முழுசா செய்."

ரிப்பேர் புரோகிராம் இருந்த பென்டிரைவைத் தம்பி சொருகினான். பெட்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. மறுபடி நீலப் பக்கத்துக்குப் போய் வரிசையில் பென்டிரைவை முதலில் ஏற்றினான். வெளியாள் யாரையும் விடாதே என்று ஒரு பூட்டு இருந்தது, அதையும் தளர்த்தினான். அப்புறம்தான் அது வழிக்கு வந்தது. கறுப்புத் திரையில் வரிவரியாக எதையோ தட்டினான். தட்டிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தி, "அட ச்சே," என்றான்.

"என்ன?"

"தப்பு என்னோடதும்தான். புது டிஸ்க்ல ஓ.எஸ். போடும்போது பழசோட கேபிள கழட்டிட்டுப் போட்டிருக்கணும். சோம்பேறித்தனம், அப்படியே விட்டுட்டேன். அது மொத்தத்தையும் புதுசுல போட்டுட்டு, ஆரம்பிக்கற ஃபைல மட்டும் பழசுல கொண்டு போய் வெச்சிருக்கு. வீடு மாறிட்டு சாவிய பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிட்டு வந்த மாதிரி. அதான் பழச எடுத்ததும் இது நின்னு போச்சு."

அக்கா அவனையே பார்த்தாள்.

"ஒழுங்கா போட்டிருந்தேன்னு வை," என்றான், "இன்னைக்குக் காலைல இது டக்குனு ஆன் ஆயிருக்கும். பழைய டிஸ்க் மட்டும் தெரியாது. நீ போன் பண்ணியிருப்ப. வயசான டிஸ்க், செத்துப் போச்சு, விடுக்கான்னு கடையிலேருந்தே சொல்லியிருப்பேன். பிரிச்சே பாத்திருக்க மாட்டேன்."

'ஆன் ஆகணுமே!'

அத்தான் போனில் சொன்ன அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் ஊரில் எல்லோரும் 'ஏன்' என்று கேட்பார்கள். ஆன் ஆகியிருக்க வேண்டுமே என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர்தான் அப்படி அதிர்ந்து போவார்.

திரை வெளிச்சமானது. புது ஓ.எஸ். ஒன்றுமே நடக்காதது போல 'வருக' என்றது. அக்கா பேட்டர்ன் இருக்கும் இடத்தைத் தேடினாள். அந்த இடமே இல்லை. அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

"அத்தனையும் போச்சே! ராத்திரி பகலா கண்ண கெடுத்துக்கிட்டு வரைஞ்சேனே! ஒவ்வொரு மனுஷன் முதுகையும் தொட்டுத் தொட்டு அளந்தேனே! எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டாரே!"

அம்மா ஓடிவந்து அவள் முதுகைத் தடவினாள். "அழாதடி, என் கண்ணு. அழாத. எங்கயும் போகல, பத்திரமாத்தான் இருக்கு."

அழுகை பாதியில் நின்றது.

தம்பி திரும்பிப் பார்த்தான். அம்மாவின் கை அவள் முதுகிலேயே நின்றுவிட்டது.

"பத்திரமா எங்கம்மா இருக்கு?" என்றாள் அக்கா.

"நான்... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நேத்து மத்தியானம் நான் ஆஸ்பத்திரிக்கு அளவெடுக்கப் போனேன். வீட்ல நீதான் இருந்த."

"நான் படுத்திருந்தேன்."

"அம்மா."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சப்பைக்கட்டு கட்ட ஏதாவது கிடைக்குமா என்று கூரையைப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கீழே வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்தச் செருப்பை நேராக வைக்கிற நேரம் அது. படியேறி வந்தார் அத்தான். வெளிர் நீலச் சட்டை, கஞ்சி போட்டது போல மடிப்புக் கலையாமல் இருந்தது. முதலாளி வருகிறாரே, அதற்காகப் போட்ட சட்டை. அக்கா வெட்டியதிலேயே முதல் சட்டை அது. வாடிக்கையாளர்கள் முன்னால் திரும்பி நின்று, "தோளப் பாருங்க, என் வீட்டுக்காரி கட்டிங்," என்று பெருமையடிப்பார்.

"என்ன மாப்ள, அரைகுறையாவே விட்டுட்டியா, முடிச்சிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

அக்கா எழுந்தாள். கையை விரித்து அந்த இரண்டு கறுப்பு ஸ்க்ரூவை நீட்டினாள்.

"இது மிச்சம் இருந்துச்சுங்க. நீங்க எதுக்கு வீணா கடையில புதுசு வாங்கினீங்க? கேட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையில் கிடந்த பட்டனைப் பார்த்தாள்.

"உக்காரு. சொல்றேன்," என்றார்.

"நின்னுட்டே கேக்கறேன். என் டிஸ்க் எங்க?"

"கம்பெனியில இருக்கு. பத்திரமா இருக்கு. கையெழுத்தான உடனே உன் கைக்கே வந்துடும். அத வெச்சு நீதான் அங்க வேலையே செய்யப் போற. என்ன வித்தியாசம் சொல்லு?"

"வித்தியாசமா கேக்கறீங்க?"

"பின்ன என்ன? எத்தன நாளைக்கு இந்தச் சின்னக் கூடத்துல கிடந்து மாரடிப்ப? முதுகு வலின்னு நீ அழாத நாள் உண்டா? சொன்னா கேக்க மாட்டேங்கற. அதான் உனக்காக நான் முடிவு எடுத்தேன். உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுக்கு செத்த டிஸ்க்க வெச்சிட்டுப் போவீங்களா? நான் அது முன்னாடி உக்காந்து ஒப்பாரி வைப்பேன், அப்புறம் வேற வழியில்லாம கையெழுத்துப் போடுவேன், நீங்க பக்கத்துல உக்காந்து 'விடும்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்'னு தலையத் தடவுவீங்க. அப்படித்தானே?"

அவர் சட்டைக் கையின் மடிப்பை நீவினார். அப்படியேதான் நினைத்திருந்தார் போலும்.

"கேட்டா கொடுத்திருப்பேனோ மாட்டேனோ, அது வேற. என் காதுல பூ சுத்தினீங்களே, அதத்தான் தாங்க முடியல." அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்மா? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

அம்மா வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். இனி மறைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை என்று தீர்மானித்தவள் போல வெடித்தாள்.

"உனக்கு ஒரு வழி இருக்குடி. இவனுக்கு என்ன இருக்கு? எத்தன நாளைக்கு அந்த ரிப்பேர் கடையில கூலிக்குக் கிடப்பான்? மாப்பிள்ளை அந்தக் கம்பெனியிலயே இவனுக்கு நிரந்தர வேலை பேசி முடிச்சிருக்காரு. நீ கையெழுத்துப் போட்டாத்தான் அதுவும். ரெண்டு பிள்ளைங்களும் ஒரே இடத்துல இருப்பீங்கன்னு நினைச்சேன். பெத்தவ நினைக்கறது தப்பா?"

அக்கா மெல்லத் தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"உனக்குத் தெரியுமாடா?"

"அக்கா..."

"முதலாளிய பாத்திருக்கியான்னு கேட்டேன். ம்ஹூம்னியே."

"வேலைன்னு தெரியும்," என்றான். "அத்தான் கூட்டிட்டுப் போய்க் காமிச்சாரு. முடிவாகற வரைக்கும் அக்காகிட்ட சொல்லாத, சந்தோஷமா ஒரு நாள் சொல்லிக்கலாம்னாரு. டிஸ்க்க எடுத்தது தெரியாது. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் இத பிரிப்பேனா?"

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அக்காவுக்கும் அது தெரியும். அதனால் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் வந்துவிடவில்லை.

"உண்மையக்கூட அரைகுறையாத்தான் வெச்சிருக்கடா நீ," என்றாள்.

ஊரே அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது சிரித்தவன்தான். இப்போது அவன் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க அவள் நிற்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். சுருட்டி வைத்திருந்த பெரிய காகிதத்தை எடுத்துத் தரையில் உருட்டி விரித்தாள். பிறகு புருஷனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"சட்டைய கழட்டுங்க."

"என்ன?"

"சட்டைய கழட்டுங்கன்னேன்."

"விளையாடாத. அவர் வர நேரம்."

"கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு முன்னாடி காகிதத்துல வரைஞ்சு வெட்டின சட்டை இது. இதுலேருந்துதான் மத்த எல்லா அளவும் போட்டேன். அந்தக் காகிதம் கிழிஞ்சு எந்தக் காலமோ ஆச்சு. இப்ப மிச்சம் இருக்கறது உங்க உடம்புல இருக்கறது மட்டும்தான். கொடுங்க. பிரிச்சு மறுபடி மொதல்லேருந்து வரைஞ்சுக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? மொதல்லேருந்து வரைய எத்தன வருஷம் ஆகும்?"

"ஆகட்டும். உங்களுக்கு என்ன?"

அவர் அம்மாவைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். மேல் பட்டனில் கை வைத்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றிய சட்டையைப் பழக்க தோஷத்தில் இரண்டாக மடிக்கப் போனார். அக்கா அதை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

தோள் தையலில் கத்தியைக் கொடுத்து இழுத்தாள். நூல் பர்ரென்று விட்டது. ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்த அந்தத் தோள் காகிதத்தின் மேல் தனித் துண்டாக விழுந்தது. அடுத்த தோளுக்குப் போனாள். கண்ணீர் நிற்காமல் துணி மேல் சொட்டியது. அதைத் துடைக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது.

"ஐயோ, வந்துட்டாங்க!" என்று பதறினாள் அம்மா. "மாப்பிள்ளை பனியனோட நிக்கறாரே! ஏய், அவருக்கு வேற சட்டை எதாவது எடுத்துக் குடுடி!"

அக்கா நிமிரவில்லை. காலரைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வீட்ல இருக்கற எல்லா சட்டையும் நான் வெட்டினதுதாம்மா."

காலிங் பெல் அடித்தது. கட்டிங் மாஸ்டர் டீக் கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அத்தான் பனியனோடு சுவர் ஓரம் ஒதுங்கினார். அம்மா நகரவில்லை. அக்கா பென்சிலை எடுத்துத் தோளின் வளைவைக் காகிதத்தில் வரைய ஆரம்பித்தாள்.

பெல் மறுபடி அடித்தது. படிக்குப் பக்கத்தில் இருந்தவன் தம்பிதான். வந்திருப்பவர் அவனுக்கு வேலை கொடுப்பதாகச் சொன்னவர். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலேயே எழுந்து, ஒரு படி இறங்கி, அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை.